போரிலிருந்து வீடு வந்த ஜப்பானிய வாள்: எதைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது?

பரணில் இருந்து இறக்கிய தகரப் பெட்டியில் ஒரு வாள். பர்மா முனையில் இருந்த தாத்தா கொண்டுவந்தது என்பதைத் தாண்டி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. படம் எடுத்து அனுப்பினால் ஒருவர் "சாமுராய் வாள், ஐந்நூறு வருஷம் இருக்கும்" என்கிறார். இன்னொருவர் "போர்க்காலத் தொழிற்சாலைச் சரக்கு" என்கிறார். வேடிக்கை என்னவென்றால், ஒரே வாளைப் பற்றி இருவர் சொன்னதும் சரியாக இருக்க முடியும்.

ஏனென்றால் ஜப்பானிய வாள் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். உறை, பிடி, கைக்காப்பு எல்லாம் சேர்ந்த மேலுடுப்பு ஒன்று. உள்ளே இருக்கும் அலகு இன்னொன்று. மேலுடுப்பைக் கழற்றி மாற்றலாம், காலங்காலமாக மாற்றியும் வந்திருக்கிறார்கள். 1940இல் செய்த உறைக்குள் 1540இல் அடித்த அலகு இருக்கலாம். மேலுடுப்பு போரைப் பற்றிச் சொல்லும், அலகு கொல்லனைப் பற்றிச் சொல்லும். இரண்டையும் தனித்தனியாக வாசிக்க வேண்டும்.

இவ்வளவு வாள்கள் எப்படி வெளியே வந்தன?

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியப் பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்தார். தென்கிழக்கு ஆசியாவில் நேசப் படைகளின் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளைப் பலர் முன்னிலையில் கையளிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தோற்றோம் என்பதை அவர்களே உணர வேண்டும் என்பது அவர் கணக்கு. செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் தளபதி இதாகாகி சரணடைவில் கையெழுத்திட்டார். நோயுற்றிருந்த தலைமைத் தளபதி தெராவுச்சி நவம்பர் இறுதியில் சைகோனில் தன் வாள்களை மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தார். பர்மாவில் இருந்த பிரிட்டிஷ் 14ஆம் படையிலும், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மீண்டும் நுழைந்த படைகளிலும் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அந்த வழியில்தான் நம் ஊர்ப் பெட்டிகளுக்கும் சில வாள்கள் வந்தன.

ஜப்பானுக்குள் நடந்தது வேறு. அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை ராணுவ வாள்களோடு நிற்கவில்லை. வீடுகளில் பரம்பரையாக இருந்தவற்றையும் கேட்டு வாங்கியது. பல உருக்கப்பட்டன, பல கடலில் போடப்பட்டன, பலவற்றைச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். கலைமதிப்புள்ளவற்றையாவது விட்டுவைக்க வேண்டும் என்று ஹோன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் மன்றாடிய பிறகுதான் தரம்பிரிப்பது தொடங்கியது. தோக்கியோவின் அகாபானே கிடங்கில் அப்படிப் பிழைத்த ஆயிரக்கணக்கான வாள்களை இன்றும் "அகாபானே வாள்கள்" என்றே அழைக்கிறார்கள். 1948இல் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் உருவானதும் இந்தப் பின்னணியில்தான்.

ஆகவே வெளிநாடு போன வாள்களில் எல்லாமே கலந்திருந்தன: நேற்று இயந்திரத்தில் அடித்ததும் உண்டு, கோயில் சொத்தும் உண்டு. ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்தில் இருந்த, தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட, குனிமுனே என்ற கொல்லரின் வாள் ஒன்று போருக்குப் பின் காணாமல் போய், அமெரிக்கச் சேகரிப்பாளர் வால்டர் காம்ப்டன் கையில் சிக்கியது. 1963இல் அவர் அதை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார்.

முதலில், செய்யக் கூடாதவை

வாள் கிடைத்த முதல் நாளில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. நல்லெண்ணத்தோடு நடக்கிறது என்பதுதான் கொடுமை.

1. புளி, சாம்பல், உப்புத்தாள், பித்தளை பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அலகின் மேற்பரப்பு வெவ்வேறு கற்களால் வாரக்கணக்கில் தீட்டப்பட்டது. வீட்டில் ஒருமுறை தேய்த்தால் அதைத் திரும்பக் கொண்டுவர மீண்டும் முழுதாகத் தீட்ட வேண்டும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் இரும்பு கொஞ்சம் குறையும்.
2. பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியின் துருவைத் தொடவே தொடாதீர்கள். வயதைச் சொல்லும் முதன்மைச் சாட்சி அதுதான். சுத்தம் செய்த வால் சாட்சியம் அழிக்கப்பட்ட இடம் மாதிரி.
3. விரலால் அலகைத் தடவிப் பார்க்காதீர்கள். வியர்வை உப்பு போதும், சில நாளில் கைரேகை துருவாகவே நிற்கும்.
4. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய கனிம எண்ணெய் போதும். ஜப்பானில் இதே வேலைக்குக் கிராம்பு எண்ணெய் கலந்த கனிம எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆயுத பூஜைக்கு எடுத்து வைத்தால் பக்கத்தில் பூ வையுங்கள், சரி. ஈரச் சந்தனம் மட்டும் அலகில் வேண்டாம்.

மேலுடுப்பு சொல்லும் கதை

1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. ராணுவம், காவல் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு. அதன்பின் சுமார் அறுபது ஆண்டுகள் ஜப்பானிய ராணுவம் வைத்திருந்தது ஐரோப்பியப் பாணி வாள். விரல்களை மூடும் வளைந்த கைக்காப்பு இருக்கும். 1930களின் தேசிய வெறியில் பழைய சாமுராய் வடிவம் திரும்பியது. 1934இல் வந்த 94 வகை, 1938இல் வந்த 98 வகை இரண்டும் அதிகாரிகளுக்கானவை. இவற்றை ஷின் குன்தோ, அதாவது புதிய ராணுவ வாள் என்பார்கள். வட்டமான கைக்காப்பு, வெண்ணிறத் திருக்கைத் தோலின் மேல் நாடா சுற்றிய பிடி, உலோக உறை, பொருத்துகளில் செர்ரிப் பூ. கடற்படை வாள் 1937இல் வந்தது. அதன் உறை பெரும்பாலும் கறுப்பு.

இதில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வாங்க வேண்டும். கீழ்நிலைச் சார்ஜென்ட்டுகளுக்கு ராணுவமே கொடுத்தது. அந்த ராணுவ வழங்கல் வாள் 1935இல் வந்த 95 வகை. தூரத்தில் பார்த்தால் நாடா சுற்றிய பிடி போலவே இருக்கும். கையில் எடுத்தால்தான் அது வார்ப்பு உலோகத்தில் அச்சடித்து வண்ணம் பூசியது என்று தெரியும். மூங்கில் ஆணிக்குப் பதில் திருகாணி, அலகில் பிடிக்கு அருகே தொடர் எண், உறையிலும் எண். இப்படி இருந்தால் உள்ளே இருப்பது இயந்திர அலகு, தேடல் அங்கேயே முடிந்தது. அதற்கென்று தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு என்பது வேறு விஷயம்.

அதிகாரியின் வாள் என்றால் உள்ளே எதுவும் இருக்கலாம். பணமில்லாதவர் தொழிற்சாலை அலகை வாங்கினார். வசதியுள்ளவர் புதிதாகக் கொல்லரிடம் அடிக்கச் சொன்னார். பழைய குடும்பத்துப் பிள்ளை வீட்டிலிருந்த பரம்பரை அலகுக்கு ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு போனார். வெளியில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். உலோக உறைக்குப் பதில் தோல் உறை போட்ட மர உறை இருந்தாலோ, பிடியின் தலையில் சிறிய வெள்ளிக் குலச்சின்னம் இருந்தாலோ கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் அது நிச்சயம் அல்ல. பிடியில் தொங்கும் குஞ்சத்தின் நிறம் தரைப்படைப் பதவியைக் காட்டும்: பழுப்பும் நீலமும் இளநிலை அதிகாரி, பழுப்பும் சிவப்பும் மேஜர் முதல் கர்னல் வரை, அதோடு பொன்னிழையும் சேர்ந்தால் தளபதி. குஞ்சத்தை யாரும் எப்போதும் மாற்றியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சுமார் 40 சென்டிமீட்டர் நீளத்தில் நேரான அலகும், பிடியடியில் துப்பாக்கியில் மாட்டும் அமைப்பும் இருந்தால் அது வாளே அல்ல, ராணுவத் துப்பாக்கிச் சனியன் (பயனெட்). குடும்பக் கதைகளில் அதுவும் "சாமுராய் கத்தி" ஆகியிருக்கும்.

அளவெடுப்பது

நீளத்தை நுனியிலிருந்து, பிடி தொடங்கும் இடத்தில் முதுகில் இருக்கும் சிறு வெட்டுவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவோடு நாடாவை ஓட்டக் கூடாது. ஜப்பானிய நீள அளவை ஷாகு, சுமார் 30.3 சென்டிமீட்டர். இரண்டு ஷாகுவுக்கு மேல் கத்தானா அல்லது தாச்சி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வாக்கிசாஷி. ஒன்றுக்குக் கீழ் தான்தோ. தாச்சி என்பது கூர்முனை (நுனி அல்ல, வெட்டும் விளிம்பு) கீழ்நோக்கி இடுப்பில் தொங்கவிடும் பழைய குதிரைவீரர் வாள். கத்தானா கூர்முனை மேல்நோக்கி இடைக்கச்சையில் செருகுவது.

வளைவையும் கவனியுங்கள். பிடிக்கு அருகே ஆழமாக வளைந்து நுனி சிறுத்துப் போவது பழைய தாச்சி வடிவம். 14ஆம் நூற்றாண்டு நடுவில் அலகு அகன்று நுனி பெரிதானது. 1660களில் வளைவு குறைந்து கிட்டத்தட்ட நேராக நின்றது. 19ஆம் நூற்றாண்டில் பழைய வடிவங்களை வேண்டுமென்றே திரும்பச் செய்தார்கள், அதனால் வடிவம் மட்டும் பார்த்து முடிவு சொல்வது ஆபத்து.

பிடியைக் கழற்றுவது

1. பிடியின் பக்கவாட்டில் சிறு மூங்கில் ஆணி இருக்கும். மெலிந்த பக்கத்திலிருந்து தடித்த பக்கமாக, மரக்குச்சியோ பித்தளைக் குச்சியோ வைத்துத் தள்ளுங்கள். ராணுவ வாளில் இரண்டு ஆணி இருக்கலாம்.
2. பிடியின் அடியை இடக்கையில் பிடித்து, அலகை மேல்நோக்கிச் சாய்த்து, கூர்முனையை உங்களுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். வலக்கை முஷ்டியால் இடக்கை மணிக்கட்டில் மெதுவாகத் தட்டினால் அலகு தளரும்.
3. துணியால் முதுகுப் பக்கம் பிடித்து வெளியே எடுங்கள். கைக்காப்பும் வளையங்களும் எந்த வரிசையில் வந்தன என்று படம் எடுங்கள். அவற்றில் குத்திய சிறு எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மேலுடுப்பு கலப்படமில்லாதது.

வரவில்லையா? விட்டுவிடுங்கள். எண்பது வருஷத் துருவை ஒரு மாலையில் வெல்ல முடியாது. சுத்தியலால் அடித்துப் பிடியைப் பிளந்தவர்கள் நிறையப் பேர்.

வால்பகுதியை வாசிப்பது

ஜப்பானியர் இதை நகாகோ என்கிறார்கள். கையெழுத்து இருக்கிறதா என்றுதான் எல்லோர் கண்ணும் முதலில் ஓடும். அதைக் கடைசியில் பாருங்கள்.

1. துருவின் நிறம். 20ஆம் நூற்றாண்டு வால் வெளிறியோ செம்பழுப்பாகவோ இருக்கும். இருநூறு ஆண்டு ஆனால் ஆழ்ந்த பழுப்பு. ஐந்நூறுக்கு மேல் என்றால் கறுத்து, வழவழப்பாக, புளியங்கொட்டைத் தோல் மாதிரி.
2. அரத்தின் கோடுகள். பிடி நழுவாமல் இருக்கக் கொல்லர் போட்ட கோடுகள் இவை. சாய்வும் திசையும் பட்டறைக்குப் பட்டறை மாறும். கூர்மையாகத் தெரிந்தால் இளமை, மங்கியிருந்தால் முதுமை.
3. துளைகள். ஒன்றுக்கு மேல் இருந்தால் பிடி மாறியிருக்கிறது, அல்லது வாளைக் குறைத்திருக்கிறார்கள். நீளமான பழைய வாள்களை வால்பக்கம் வெட்டிக் குட்டையாக்குவது வழக்கமாக இருந்தது. அப்படி வெட்டும்போது கையெழுத்தும் போய்விடும். ஆகவே பெயரில்லாத வாள் மட்டமானது என்று நினைப்பது தவறு. புகழ்பெற்ற கொல்லர் மாசாமுனே செய்தவை என்று ஏற்கப்பட்ட நீண்ட வாள்களில் பெரும்பாலானவை பெயரில்லாதவைதான்.
4. முத்திரைகள். வட்டத்துக்குள்ளோ தனியாகவோ குத்திய சிறு எழுத்து முத்திரை, ஆய்வுக்கு உட்பட்ட போர்க்கால உற்பத்தி என்பதன் அடையாளம். இவற்றில் பெரும்பாலானவை ஷோவாதோ, அதாவது மரபுமுறைப்படி அல்லாமல் தொழிற்சாலை எஃகில் செய்து எண்ணெயில் குளிர்வித்தவை. இவற்றின் பெருங்களம் கிஃபு மாவட்டத்தின் செகி நகரம். நங்கூர முத்திரை கடற்படை. நட்சத்திர முத்திரை ராணுவம் அங்கீகரித்த கொல்லர்களுக்குரியது, பெரும்பாலும் மரபு அலகு.
5. வண்ணத்தில் எழுதிய எண்கள். உடுப்பு மாட்டியவர் போட்ட பட்டறைக் குறிப்பு. அழிக்காதீர்கள்.

தேதி இருந்தால் கையெழுத்துக்கு மறுபக்கத்தில் இருக்கும். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டுங்கள்: ஷோவா 17 என்றால் 1942. எழுத்து தெரியாதவரும் எண்ணைப் பிடிக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று அத்தனை கிடைக்கோடுகள். பத்து ஒரு கூட்டல் குறி. நிறைய வாள்களில் மாதம் இரண்டு அல்லது எட்டு என்றே இருக்கும். அது ஒரு சம்பிரதாயம், அந்த மாதத்தில் அடித்ததாகவே பொருள் இல்லை.

அலகின் முகம்

மரபு அலகில் கூர்முனையை ஒட்டி வெண்மையான கோடு ஓடும். அதுதான் ஹாமோன். அலகைக் காய்ச்சும் முன் களிமண் பூசுவார்கள், முதுகில் தடிப்பாக, கூர்முனையில் மெல்லியதாக. தண்ணீரில் அமிழ்த்தும்போது கூர்முனை சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளகிய நிலையில் நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லை கண்ணுக்குக் கோடாகத் தெரிகிறது. விளக்கை நோக்கி அலகைச் சாய்த்தால் அந்த எல்லையில் நுண்ணிய மணிகள் மின்னும். எண்ணெயில் குளிர்வித்த ஷோவாதோவில் கோடு இருக்கும், மணிகள் அநேகமாக இராது. அமிலத்தால் வரைந்த போலிக் கோடு மேலோட்டமான கறை மாதிரி, எப்படிச் சாய்த்தாலும் ஒரே மாதிரி தெரியும்.

கோட்டுக்கு மேலே மரத்தின் வளையங்கள் போன்ற நுண்வரிகள் தெரிந்தால் எஃகை மடித்து மடித்து அடித்திருக்கிறார்கள் என்று பொருள். நம் பக்கத்து மூசை உருக்கின் (வூட்ஸ் எஃகின்) வரிகளோடு இதைக் குழப்புகிறவர்கள் உண்டு. மூசை உருக்கில் வரி வருவது கட்டி ஆறும்போது உள்ளே படியும் கார்பைடால். ஜப்பானிய அலகில் வருவது மடிப்பால். இன்று விற்கும் மலிவுப் போலிகளில் வரி அளவுக்கு மீறித் துலக்கமாக, வரிக்குதிரை போல இருக்கும். உண்மையான வரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கூர்முனைக்குக் குறுக்காக மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்வார்கள். இதை மட்டும் மாட்டார்கள்.

கையொப்பம் என்னும் மெய்

சரி, இப்போது பெயர். ஜப்பானியத்தில் வாளின் கையொப்பத்துக்கு மெய் என்று பெயர். பொய்யான கையொப்பம் கிமெய். தமிழ்க் காதுக்கு முதல் சொல் தரும் நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புகழ்பெற்ற கொல்லரின் பெயரை வேறொருவர் வாளில் வெட்டுவது நேற்றைய மோசடி இல்லை, பல நூற்றாண்டுத் தொழில். வாள் பரிசுப் பொருளாகப் புழங்கிய சமூகத்தில் பெயருக்குத்தான் விலை. 17ஆம் நூற்றாண்டுக் கொல்லர் கொதெட்சுவின் பெயரில் உள்ள போலிகளுக்குக் கணக்கே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஷின்சென்குமி என்ற வாள்வீரர் படையின் தலைவராக இருந்த கோந்தோ இசாமி தன்னிடம் இருந்தது கொதெட்சு என்று நம்பினார். அது போலி என்பதே பரவலான கருத்து.

ஆகவே பெயர் ஒரு சாட்சி அல்ல, ஒரு வாதம். வடிவம், துரு, அரக்கோடு, ஹாமோன் எல்லாம் அந்த வாதத்தோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. பெயரை முதலில் படித்துவிட்டால் கண் மற்றதையெல்லாம் அதற்கேற்ப வளைத்துப் பார்க்கத் தொடங்கும். அதனால்தான் கடைசியில் பார்க்கச் சொன்னது. ஒரே பெயரைப் பல தலைமுறைக் கொல்லர்கள் வைத்துக்கொண்டதும் உண்டு, பட்டியலில் பெயர் அகப்பட்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

படம் எடுக்கும்போது அலகின் நுனி மேலே, வால் கீழே இருக்கட்டும். எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டு வெளிச்சம் போதும். வாலின் இரு பக்கங்கள், முழு அலகு, நுனி, இவையெல்லாம் இருந்தால்தான் தெரிந்தவர் எதையாவது சொல்ல முடியும். உறையோடு சுவரில் மாட்டிய படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

எது தெரிந்தால் என்ன செய்யலாம்

போர்க்கால வாள்களிலும் மதிப்புள்ளவை உண்டு. தோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் 1933இல் தொடங்கிய பட்டறையில் 1945 வரை மரபுமுறையில் சுமார் 8,100 வாள்கள் அடித்தார்கள். அங்கிருந்த கொல்லர்களின் தொழிற்பெயர்கள் 'யசு' என்று தொடங்கும். தென் மஞ்சூரிய ரயில்வே செய்த வாள்கள் மரபு வாள் அல்ல. ஆனாலும் அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மரபு அலகு, அதுவும் பழையது என்று தோன்றினால் அடுத்த படி ஜப்பானியச் சங்கத்தின் சான்றிதழ். அதற்கு வாளை ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும், இங்கேதான் இரண்டு சிக்கல். ஜப்பானியச் சட்டம் மரபுமுறையில் செய்த கலை வாள்களை மட்டுமே பதிவு செய்யும். ஷோவாதோவுக்குப் பதிவு கிடையாது. அங்கே போனால் பறிமுதலாகி அழிந்துவிடும். என்ன வகை என்று தெரியாமல் அனுப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது. இரண்டாவது சிக்கல் இந்தியாவில் இருப்பவர்களுக்கு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வாள் பழையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வைத்திருப்பதற்கே சட்டம் உண்டு. இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு கொண்ட வாளும் ஆயுதம்தான். உரிமம் தேவையா என்பது அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, விற்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனைக்கு 2008இல் தடை வந்தது. பழைய வாள்களுக்கும் மரபுமுறையில் கையால் செய்தவற்றுக்கும் விலக்கு உண்டு.

வாளோடு வந்த காகிதங்கள்

தாத்தாவின் படைப்பிரிவு, எந்த ஊரில் எந்த மாதம் இருந்தார் என்ற குறிப்பு, அவர் எழுதிய கடிதம், அனுமதிச் சீட்டு, எதுவாக இருந்தாலும் வாளோடு வையுங்கள். வரலாறு அறுந்துபோனால் எவ்வளவு பெரிய வாளும் காணாமல் போகும். ஒரு காலத்தில் ஜப்பானை ஆண்ட தோக்குகாவா குடும்பத்தின் ஹோன்ஜோ மாசாமுனே என்ற வாள் 1945 டிசம்பரில் தோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த மாதம் ஓர் அமெரிக்கச் சிப்பாய் அதை வாங்கிக்கொண்டார் என்று குறிப்பு சொல்கிறது. அதில் எழுதிய பெயரை ராணுவப் பதிவேடுகளோடு பொருத்தவே முடியவில்லை. வாள் இன்றுவரை கிடைக்கவில்லை.

சில வாள்களின் பிடியிலோ உறையிலோ சிறு மரத்துண்டோ துணித்துண்டோ கட்டியிருக்கும், மையால் ஏதோ கிறுக்கியது போல. சரணடைந்த அதிகாரி தன் பெயரை எழுதிக் கட்டியது அது. சிலர் பதவியும் ஊர் முகவரியும் சேர்த்தே எழுதினார்கள், என்றாவது வாள் திரும்பும் என்ற நினைப்பில். அதை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்து வாளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பெட்டியைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்தத் துண்டுதான். மை மங்குவதற்குள் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.